பெயரை அடிக்கும் முன் ஒரு நிமிடம்



கொஞ்ச நாளைக்கு முன்னால் நம் கூட்டமைப்புக்கு ஒரு குழுவிலிருந்து தீர்மானம் ஒன்று வந்தது. "எங்கள் உறுப்பினர் ஒருவரை நீக்க வேண்டும்" என்று எழுதி, பத்துப் பேர் கையெழுத்துப் போட்டிருந்தார்கள். என்ன காரணம் என்று எழுதவில்லை. ஊக்குநரைக் கூப்பிட்டுக் கேட்டோம். அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

"துறைமுக ரோட்டுப் பக்கம் லாரிக்காரங்க கூட அவளைப் பார்த்ததா சொல்லுதாங்க அக்கா. அவளைப் பக்கத்துல உட்கார வச்சிக்கிட்டு எப்படிக் கூட்டம் நடத்த?"

அந்தப் பெண் ஆறு வருஷமாகக் குழுவில் இருக்கிறார். இரண்டு முறை கடன் வாங்கி, ஒரு தவணைகூடத் தவறாமல் கட்டியிருக்கிறார். கணவர் இல்லை. இரண்டு பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகிறார்கள். உப்பளத்தில் வேலை. மழை விழுந்தால் உப்பளத்தில் வேலை நின்றுவிடும் என்பது நம் கரையில் எல்லாருக்கும் தெரியும். மீன்பிடித் தடைக்காலத்தில் படகு நிற்கிற மாதிரிதான்.

முடிவு எடுக்கும் முன்னால் நாங்கள் இரண்டு பேர் அவர் வீட்டுக்குப் போனோம். பாயில் சுருண்டு படுத்திருந்தார். காய்ச்சல், அடிவயிற்றில் தாங்க முடியாத வலி, நாற்றத்தோடு வெள்ளைப்படுதல். ஐந்து வாரமாக இப்படி.

"ஏம்மா ஆஸ்பத்திரிக்குப் போகலை?"

"மெடிக்கல்ல மாத்திரை வாங்கிப் போட்டுக்கிட்டுதான் இருக்கேன். ஆஸ்பத்திரிக்குப் போனா நம்ம ஊர்க்காரங்க யாராவது பார்ப்பாங்க. ஏற்கெனவே பேசுதாங்க. இதுவும் சேர்ந்தா என் பிள்ளைக எப்படி வெளிய தலைகாட்டும்?"

ஆட்டோ பிடித்து மருத்துவமனைக்குக் கூட்டிப் போனோம். கர்ப்பப்பையில் கிருமித் தொற்று என்றார் டாக்டர். ஊசி போட்டு, மாத்திரை கொடுத்து, சில நாள் படுக்கையில் வைத்திருந்தார்கள். "இன்னும் தள்ளிப்போட்டிருந்தா உயிருக்கே ஆபத்தாகியிருக்கும்" என்றார்.

அவர் சம்மதத்தோடுதான் இதை எழுதுகிறோம். ஊரும் பேரும் சொல்லவில்லை. சொல்லவும் கூடாது. அவர் அந்தத் தொழில் செய்தாரா இல்லையா என்று நாங்கள் கேட்கவும் இல்லை. நம் முன்னால் இருந்த கேள்வி வேறு. கிருமிக்கு மருந்து இருந்தது. அதுவும் இலவசமாக இருந்தது. அப்படியும் ஐந்து வாரம் அவரை வீட்டுக்குள் கிடத்தியது எது? பயமும் வெட்கமும்தானே? அந்தப் பயத்தில் நம் வாய்க்கும் பங்கு உண்டு அல்லவா?

இது நமக்கு எதுக்கு என்று நினைக்கிறீர்களா?

"பாலியல் தொழில் செய்யும் பெண்களின் உடல்நலம் நமக்கு எதுக்கு? நாம குடும்பப் பெண்கள்" என்று சிலர் கேட்கலாம். நியாயமான கேள்விதான். யோசித்துப் பாருங்கள்.

அந்தத் தொழில் பெண்கள் மட்டும் இருந்தால் நடக்காது. அங்கே போகிற ஆண் யாரோ ஒருத்தியின் கணவன், யாரோ ஒருத்தியின் மகன். மேகநோய் என்று பெரியவர்கள் சொல்கிற சிபிலிஸ், வெட்டை நோய், எச்.ஐ.வி. எல்லாம் இவளிடம் இருந்து அவனுக்கும், அவனிடம் இருந்து இவளுக்கும், பிறகு வீட்டில் இருக்கிற மனைவிக்கும், வயிற்றில் இருக்கிற பிள்ளைக்கும் போகும். தொழில் செய்யும் பெண் பாதுகாப்பாக இருந்தால் ஊரே பாதுகாப்பாக இருக்கும்.

ஆனால் அவர் உடல்நலம் முக்கியம் என்பதற்கு இந்தக் காரணம் மட்டும் போதாது. அவரும் ஒரு பெண். அவருக்கும் வலிக்கும். அதுவே போதுமான காரணம்.

அடைத்து வைத்தால் நோய் ஒழியுமா?

இதை வெள்ளைக்காரன் காலத்திலேயே செய்து பார்த்துவிட்டார்கள். தன் சிப்பாய்களுக்கு மேகநோய் வருகிறது என்று 1868-ம் ஆண்டில் ஆங்கில அரசு இந்தியாவில் ஒரு சட்டம் போட்டது. தொழில் செய்யும் பெண்கள் பெயரைப் பதிய வேண்டும். கட்டாயப் பரிசோதனைக்கு வரவேண்டும். நோய் இருந்தால் பூட்டு ஆஸ்பத்திரி என்று பேர் பெற்ற இடத்தில் அடைத்து வைப்பார்கள். ஆண்களுக்கு இந்தக் கட்டாயம் கிடையாது! என்ன ஆயிற்று? பெண்கள் பயந்து ஒளிந்தார்கள். ஒளிந்த பெண்ணுக்கு வைத்தியம் செய்ய முடியுமா? கடைசியில் 1888-ம் ஆண்டில் அந்தச் சட்டத்தை நீக்கினார்கள்.

நூறு வருஷம் கழித்து அதே தவறு மறுபடியும் நடந்தது. 1986-ம் ஆண்டில் சென்னையில் டாக்டர் சுனிதி சாலமனும் அவருடைய மாணவி நிர்மலாவும் இந்தியாவிலேயே முதல்முறையாக எச்.ஐ.வி. கிருமியைக் கண்டுபிடித்தார்கள். காவல் இல்லத்தில் இருந்த பாலியல் தொழில் செய்யும் பெண்களின் இரத்தத்தில்தான் அது தெரிந்தது. அது நாட்டுக்கே பெரிய எச்சரிக்கை. ஆனால் அந்தப் பெண்களுக்குக் கிடைத்தது என்ன? தண்டனைக் காலம் முடிந்த பிறகும் கிருமி இருக்கிறது என்று சொல்லி உள்ளேயே வைத்தார்கள். வழக்குப் போட்ட பிறகுதான், 1990-ம் ஆண்டில், வெளியே விட்டார்கள்.

பழிசுமத்தி நோயை விரட்ட முடியாது. நோய் மறைவுக்குப் போகும், அவ்வளவுதான்.

சேமிப்புப் புத்தகம் மருந்தானது எப்படி?

கல்கத்தாவில் சோனாகாச்சி என்ற பகுதி இருக்கிறது. ஆயிரக்கணக்கான பெண்கள் இந்தத் தொழிலில் இருக்கிற இடம். 1992-ம் ஆண்டில் டாக்டர் ஸ்மரஜித் ஜானா என்பவர் எய்ட்ஸ் தடுப்பு வேலைக்காக அங்கே போனார். அப்போது நூறு பேரில் சுமார் 3 பேர்தான் ஆணுறை போடும்படி செய்திருந்தார்கள்.

டாக்டர் வெளியூர் ஆட்களைக் கொண்டுவந்து பாடம் நடத்தவில்லை. அதே தொழிலில் இருந்த பெண்களையே சகதோழிகளாகப் பயிற்சி கொடுத்து அனுப்பினார். அவர்களிடம் "உங்களுக்கு என்ன வேண்டும்?" என்று கேட்டார். பெண்கள் நோயைப் பற்றி முதலில் பேசவில்லை. பிள்ளைகளுக்குப் படிப்பு வேண்டும், ரவுடி தொல்லையும் போலீஸ் தொல்லையும் போகவேண்டும், கந்துவட்டியில் இருந்து மீள வேண்டும் என்றார்கள்.

இங்கேதான் நாம் கவனிக்க வேண்டியது இருக்கிறது. ஆணுறை நல்லது என்று ஒரு பெண்ணுக்குத் தெரிந்திருக்கும். ஆனால் வருகிறவன் "அது இல்லாம வா, கூட நூறு ரூபாய் தாரேன்" என்பான். நாளைக்கு வட்டிக்காரன் வாசலில் நிற்பான். அவள் என்ன செய்வாள்? "முடியாது" என்று சொல்ல வாயில் தைரியம் மட்டும் போதாது சகோதரிகளே. கையில் காசும், பின்னால் ஆளும் வேண்டும்.

அதனால் 1995-ம் ஆண்டில் அந்தப் பெண்கள் தங்களுக்கென்று 'உஷா' என்ற கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார்கள். பதிவு செய்யப் போனபோது, "குடும்பத் தலைவி என்று எழுதிக்கொடுங்கள், பதிவு செய்கிறோம்" என்று ஆலோசனை சொன்னார்கள். பெண்கள் மறுத்துவிட்டார்கள். பாலியல் தொழிலாளர் என்றே பதிவு செய்ய வேண்டும் என்று நின்றார்கள். நல்லொழுக்கம் உள்ளவர்தான் உறுப்பினராகலாம் என்ற விதி குறுக்கே நின்றது. அரசு அந்த விதியை மாற்றிய பிறகு பதிவு நடந்தது. சேமித்தார்கள், கடன் கொடுத்தார்கள். கந்துவட்டியின் பிடி தளர்ந்தது. துர்பார் மகளிர் சமன்வய கமிட்டி என்ற பெயரில் சங்கமும் அமைத்துக்கொண்டார்கள்.

பலன் என்ன? 1998-ம் ஆண்டில் நூறு பேரில் சுமார் 90 பேர் ஆணுறை பயன்படுத்துவதாகக் கணக்கு வந்தது. மற்ற பெருநகரங்களில் எச்.ஐ.வி. மளமளவென்று ஏறியபோது சோனாகாச்சியில் அந்த அளவுக்கு ஏறவில்லை. டாக்டர் ஜானா 2021-ம் ஆண்டில் காலமானார். அவர் தொடங்கி வைத்த வேலையைப் பெண்கள் நடத்தி வருகிறார்கள். பக்கத்து மாநிலத்தில் மைசூரிலும் அசோதயா சமிதி என்ற பாலியல் தொழிலாளர் சங்கம் இதே வழியில் நடக்கிறது.

நம் தமிழ்நாட்டிலும் மாநில எய்ட்ஸ் கட்டுப்பாட்டுச் சங்கம் 1994-ம் ஆண்டில் தொடங்கியது. தொண்டு நிறுவனங்கள் மூலமாக, சகதோழிகளை வைத்து வேலை நடந்தது. லாரி ஓட்டுநர்களிடமும் போய்ப் பேசினார்கள். 2001-ம் ஆண்டு வாக்கில் நம் மாநிலத்தில் நூறு கர்ப்பிணிகளைப் பரிசோதித்தால் ஒருவருக்கு எச்.ஐ.வி. இருந்தது. இப்போது வயது வந்தவர்களில் ஆயிரம் பேருக்குச் சுமார் இரண்டு பேர் என்ற அளவுக்கு இறங்கியிருக்கிறது. விரட்டியதால் இறங்கவில்லை. பக்கத்தில் போய் உட்கார்ந்து பேசியதால் இறங்கியது.

பணக்கார நாடுகளில் எப்படி?

"வெளிநாட்டுல பெரிய ஆஸ்பத்திரி எல்லாம் இருக்கே, அங்கே இந்தப் பிரச்சினை இருக்காது" என்று நினைக்கலாம். அங்கேயும் தொழில் செய்யும் பெண் டாக்டரிடம் உண்மையைச் சொல்லப் பயப்படுகிறாள். வீடு போய்விடுமோ, பிள்ளையைப் பிரித்துவிடுவார்களோ, போலீஸ் வருமோ என்ற பயம். பணம் உள்ள நாட்டிலும் பயம் பயம்தான்.

ஒவ்வொரு நாடும் ஒவ்வொரு வழியில் போகிறது. சுவீடன் நாட்டில் 1999-ம் ஆண்டு முதல் பெண்ணுக்குத் தண்டனை இல்லை, காசு கொடுக்கிற ஆணுக்குத்தான் தண்டனை. இதனால் தொழில் குறையும் என்கிறார்கள் ஒரு சாரார். பெண்கள் இன்னும் மறைவான, ஆபத்தான இடத்துக்குப் போகவேண்டி வருகிறது என்கிறார்கள் தொழிலில் இருக்கும் பெண்கள் பலர்.

நியூசிலாந்து 2003-ம் ஆண்டில், வயது வந்தவர்கள் விருப்பப்பட்டுச் செய்வது குற்றமில்லை என்று சட்டத்தை மாற்றியது. இந்தச் சட்டம் வருவதற்குப் பாடுபட்டதில் 1987-ம் ஆண்டிலிருந்து இயங்கும் பாலியல் தொழிலாளர் சங்கத்துக்குப் பெரிய பங்கு உண்டு. எந்த நேரத்திலும் எந்த ஆளையும் மறுக்கலாம் என்பது அங்கே சட்டப்படி உரிமை. 2014-ம் ஆண்டில் ஒரு பெண், தன்னை வேலைக்கு வைத்தவர் தகாத முறையில் தொல்லை கொடுத்தார் என்று வழக்குப் போட்டு, 25,000 டாலர் இழப்பீடு பெற்றார். பெல்ஜியம் நாட்டில் 2024 டிசம்பர் முதல் வேலை ஒப்பந்தம், நோய்க்கால விடுப்பு, பேறுகால விடுப்பு எல்லாம் உண்டு.

எந்த வழி சரி என்று பெரிய பெரிய ஆட்களே இன்னும் விவாதம் செய்கிறார்கள். நமக்குப் புரிவது இதுதான்: பயப்படாமல் வாய் திறக்க முடிகிற இடத்தில்தான் ஒரு பெண் தன் உடம்பைப் பார்த்துக்கொள்ள முடியும்.

நம் நாட்டுச் சட்டம் என்ன சொல்கிறது?

1956-ம் ஆண்டுச் சட்டப்படி விடுதி நடத்துவது, ஆள் பிடித்துக் கொடுப்பது, அந்த வருமானத்தில் பிழைப்பது, பொது இடத்தில் அழைப்பது, பள்ளி, கோயில் போன்ற இடங்களுக்கு அருகில் செய்வது எல்லாம் குற்றம். 18 வயதுக்குக் கீழே உள்ள பிள்ளையையோ, ஏமாற்றி, கடத்தி, மிரட்டி யாரையுமோ இதில் தள்ளுவது பெரிய குற்றம். அப்படித் தெரிந்தால் உடனே சொல்லுங்கள். அதில் தயக்கமே வேண்டாம். ஆனால் வயது வந்த பெண் தனியாக இந்தத் தொழில் செய்வதை மட்டும் வைத்து அந்தச் சட்டம் அவளைக் குற்றவாளி என்று சொல்லவில்லை.

2022 மே 19 அன்று உச்ச நீதிமன்றம் சில முக்கியமான உத்தரவுகள் போட்டது. கௌரவமாக வாழும் உரிமை இவர்களுக்கும் உண்டு. போலீசார் அடிக்கவோ கேவலமாகப் பேசவோ கூடாது. பாலியல் வன்முறைக்கு ஆளானால் மற்ற பெண்களுக்கு உள்ள எல்லா மருத்துவ உதவியும் இவர்களுக்கும் உண்டு. பையில் ஆணுறை வைத்திருப்பதைக் குற்றத்துக்குச் சாட்சியாகக் காட்டக் கூடாது. பத்திரிகை, டி.வி.யில் அடையாளத்தை வெளியிடக் கூடாது. ரேஷன் அட்டை, வாக்காளர் அட்டை கொடுக்க வேண்டும் என்று 2021 டிசம்பரிலேயே உத்தரவு வந்திருக்கிறது.

எச்.ஐ.வி. உள்ளவர்களுக்கும் 2018 செப்டம்பர் 10 முதல் தனிச் சட்டம் நடைமுறையில் இருக்கிறது. சம்மதம் இல்லாமல் பரிசோதிக்கக் கூடாது. யாருக்கு இருக்கிறது என்று வெளியே சொல்லக் கூடாது. வேலை, பள்ளி, வைத்தியம் எதிலும் ஒதுக்கக் கூடாது.

எங்கே போகலாம்? என்ன கேட்கலாம்?

இது அந்தப் பெண்களுக்கு மட்டும் இல்லை, நம் எல்லாருக்கும்தான்.

* நாற்றத்தோடு அல்லது நிறம் மாறி வெள்ளைப்படுதல், பிறப்புறுப்பில் புண், அரிப்பு, சிறுநீர் போகும்போது எரிச்சல், அடிவயிற்று வலி இருந்தால் மெடிக்கலில் கேட்டு மாத்திரை போடாதீர்கள். அரசு மருத்துவமனையில் உள்ள சுகவாழ்வு மையத்துக்குப் போங்கள். கணவருக்கும் சேர்த்து வைத்தியம் பார்க்க வேண்டும். இல்லையென்றால் திரும்பவும் வரும்.
* எச்.ஐ.வி. பரிசோதனைக்கு நம்பிக்கை மையம் இருக்கிறது. பரிசோதனை இலவசம். விவரம் வெளியே போகாது.
* எச்.ஐ.வி. இருந்தால் பயப்பட வேண்டாம். 2004-ம் ஆண்டு முதல் அரசு மருத்துவமனைகளில் கூட்டு மருந்து இலவசம். தூத்துக்குடி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலும் வாங்கலாம். விடாமல் தினமும் சாப்பிட்டு, கிருமி பரிசோதனையில் தெரியாத அளவுக்குக் குறைந்துவிட்டால், உடலுறவு மூலம் அடுத்தவருக்குப் பரவாது. கர்ப்பிணி சாப்பிட்டால் பிள்ளையையும் காப்பாற்றலாம்.
* பாலியல் வன்முறை நடந்தாலோ, ஆணுறை கிழிந்துபோனாலோ, 72 மணி நேரத்துக்குள் மருத்துவமனைக்குப் போனால் எச்.ஐ.வி. வராமல் தடுக்கும் மருந்து கொடுப்பார்கள். எவ்வளவு சீக்கிரம் போகிறோமோ அவ்வளவு நல்லது. 28 நாள் சாப்பிட வேண்டும்.
* 30 வயது தாண்டிய எல்லாரும் கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்ப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள்.
* எச்.ஐ.வி. பற்றிக் கேட்க 1097. பெண்களுக்கு உதவி 181. மனசு தாங்க முடியாமல் தவித்தால் 14416. இலவசச் சட்ட உதவி 15100. குழந்தைகளுக்கு 1098. இந்த எண்களைத் தீர்மானப் புத்தகத்தின் முதல் பக்கத்தில் எழுதி ஒட்டி வையுங்கள்.

ஒரே தட்டில் சாப்பிடுவதாலோ, பக்கத்தில் உட்காருவதாலோ, ஒரே குடத்துத் தண்ணீர் குடிப்பதாலோ எச்.ஐ.வி. வராது. இதை எத்தனை தடவை சொன்னாலும் தகும்.

அந்தக் குழுவில் என்ன நடந்தது?

நாங்கள் அந்தக் குழுக் கூட்டத்துக்குப் போனோம். சத்தம் போடவில்லை. குழுவின் விதிமுறையை எடுத்து வாசிக்கச் சொன்னோம். தொடர்ந்து சேமிக்காவிட்டால் நீக்கலாம். கடன் கட்டாவிட்டால் நீக்கலாம். காரணம் சொல்லாமல் கூட்டத்துக்கு வராவிட்டால் நீக்கலாம். ஊரில் பேசினால் நீக்கலாம் என்று ஒரு வரிகூட இல்லை.

கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. பிறகு வயசான ஒரு அம்மா சொன்னார்: "போன ஐப்பசியில அவ எங்கிட்ட வந்து ரெண்டாயிரம் ரூபா கேட்டா. குழுவுல இப்ப பணம் இல்லைன்னு சொல்லி அனுப்பிட்டோம். அன்னைக்குக் கொடுத்திருந்தா இந்தப் பேச்சே வந்திருக்காது போல."

அந்த ஒரு வார்த்தையில் எல்லாம் வந்துவிட்டது. தீர்மானம் ரத்தானது. மழை மாதங்களுக்கும் தடைக்காலத்துக்கும் என்று தனியாக அவசரக் கடன் நிதி ஒதுக்க வேண்டும் என்று புதுத் தீர்மானம் எழுதினார்கள். எல்லாருக்கும் மனசு மாறிவிட்டது என்று பொய் சொல்ல மாட்டோம். இரண்டு பேர் இன்னும் அவர் பக்கத்தில் உட்காருவதில்லை. ஆனால் அவர் வருகிறார். சந்தா கட்டுகிறார். மறு பரிசோதனைக்கு, குழுவில் இருந்து ஒருவர் துணைக்குப் போய் வந்தார்.

நம் கடலில் 1961-ம் ஆண்டு வரை முத்துக்குளிப்பு நடந்தது. மேலே படகில் கயிறு பிடிக்கிறவரை நம்பித்தான் குளிக்கிறவர் ஆழத்தில் இறங்குவார். கயிறு அசைந்தால் உடனே இழுக்க வேண்டும். கீழே இருக்கிறவர் யார், எப்படிப்பட்டவர் என்று அப்போது விசாரிக்க நேரம் இருக்காது. குழு என்பதும் அப்படிக் கயிறு பிடிக்கிற வேலைதான்.

அடுத்த கூட்டத்தில் பேசுங்கள்

1. நம் குழுவில் யாராவது பேச்சுக்குப் பயந்து வராமல் நின்றிருக்கிறார்களா? அவர் வீட்டுக்கு யார் போவது?
2. வேலை இல்லாத மாதங்களில் உறுப்பினர் அவசரமாக 2,000 ரூபாய் கேட்டால் நம் குழுவால் கொடுக்க முடியுமா? முடியாவிட்டால் அதற்கு என்ன வழி?
3. ஒருவர் ஆஸ்பத்திரிக்குப் போகக் கூச்சப்பட்டால், வாயைக் கட்டிக்கொண்டு துணைக்குப் போகக்கூடியவர் நம்மில் யார்?

பேசி முடிவெடுத்ததைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதுங்கள். யார் பெயரையும் எழுத வேண்டாம்.